மணல்திட்டில் பந்தி போட்ட குமாஜி

குமாஜி சிரிப்பை அடக்கத் தெரியாததால்தான் கப்பலுக்கு வந்தார். இதை அவரே எல்லோரிடமும் சொல்லுவார்.

பதினேழு வயதில் ஒசாகாவில் ஒரு மல்லர் கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆள் மலை மாதிரி. கழுத்தும் தோளும் ஒன்றாகிவிட்ட உடம்பு. பெரிய மல்லராக வருவார் என்று ஊரே நம்பியது. ஆனால் கோதாவில் எதிராளி இடுப்புக் கச்சையைப் பிடித்த மாத்திரத்தில் குமாஜிக்குக் கிச்சுகிச்சு மூட்டியதுபோல் ஆகிவிடும். வாய்விட்டுச் சிரிப்பார், கால் தளரும், விழுவார். ஒரு பருவம் முழுக்க இதே கதை. பார்க்க வந்தவர்கள் அவருடைய ஆட்டத்துக்காகவே காத்திருந்து சிரித்தார்கள். கூடத்து ஆசானுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "நீ அடுப்படிக்குப் போ" என்று சொல்லிவிட்டார். மல்லர் கூடத்து அடுப்படி லேசான இடமில்லை. நாற்பது யானைகளுக்குச் சமைக்க வேண்டும். அங்கேதான் குமாஜி கரண்டி பிடிக்கக் கற்றார்.

எங்கள் கப்பலின் பெயர் ஹயாதோரி மாரு. ஹயாதோரி என்றால் விரைந்து பறக்கும் பறவை. மாரு என்பது எங்கள் நாட்டுக் கப்பல் பெயர்களோடு ஒட்டிக்கொள்ளும் சொல். ஒனோமிச்சித் துறையிலிருந்து கிளம்பி உள்கடலின் தீவுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகும் சின்ன நீராவிக் கப்பல். துறைமுகப் பிள்ளைகள் அதை ஆமை மாரு என்றுதான் கூப்பிட்டார்கள். நான் அதில் பயணச்சீட்டு வாங்கிக் கிழிக்கிற வேலையில் இருந்தேன். கன்பாரா என்பவர் கேப்டன். மெலிந்த மனிதர், மீசை மட்டும் கனம். கென்பாச்சி என்பவன் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். கண்ணும் பல்லும் தவிர மற்றதெல்லாம் கறுப்பு.

அந்த நாட்களில் எங்களுக்குப் போட்டியாக இன்னொரு கப்பல் ஓடியது. வெள்ளைப் புகைப்போக்கி வைத்தது. அவர்கள் பணக்காரர்கள். ஏறுகிறவர்களுக்கெல்லாம் புதுத் துண்டு கொடுத்தார்கள், மிட்டாய்ப் பொட்டலம் கொடுத்தார்கள். எங்கள் முதலாளியிடம் துண்டும் இல்லை, மிட்டாயும் இல்லை. கன்பாரா யோசித்தார். ஒசாகாவுக்குப் போனபோது கூடத்தை விட்டு ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைத்துக்கொண்டிருந்த குமாஜியைப் பார்த்து, அவர் வைத்த மிசோ என்ற சோயா விழுதுச் சாறு ஒரு கிண்ணம் குடித்துவிட்டு, அங்கேயே கேட்டாராம்: "என் கப்பலுக்கு வர்றியா? இடம் சின்னது, அலை கம்மி."

"சின்னதுன்னா எவ்வளவு சின்னது?" என்று குமாஜி கேட்டிருக்கிறார்.

"உள்ள போயிடலாம். திரும்பறதுதான் கஷ்டம்."

பொய்யில்லை. புகைப்போக்கிக்குப் பின்னால் ஒரு பெட்டி மாதிரி இருந்தது சமையலறை. குமாஜி பக்கவாட்டாக நுழைவார். இடதுபுறம் அடுப்பு, வலதுபுறம் அரிசிப் பீப்பாய், நடுவில் முழுக்க அவர். உப்பு எடுக்க வேண்டுமென்றால் வெளியே வந்து, திரும்பி, மறுபடி நுழைவார். அந்தப் பெட்டிக்குள்ளிருந்து வந்த சாப்பாட்டுக்காகத்தான் ஜனங்கள் துண்டையும் மிட்டாயையும் விட்டுவிட்டு எங்கள் ஆமையில் ஏறினார்கள். முள்ளங்கியும் மீனும் சேர்த்துக் கொதிக்கவிட்டால் கரையில் நிற்கிறவனுக்கே பசியெடுக்கும். கீழ்த்தளத்தில் பாயில் உட்கார்ந்திருக்கும் பயணிகளுக்கு மேலே இருந்து கிண்ணங்களைக் கைமாற்றிக் கைமாற்றி இறக்குவோம். எல்லாக் கிண்ணமும் காலியாகத் திரும்பி வரும்.

ஒரு கிண்ணம் மட்டும் காலியாக வந்தாலும் கூடவே ஒரு சொல்லும் வரும். அது ஒகினுவின் கிண்ணம்.

ஒகினு கருவாட்டு வியாபாரி. புருஷனைக் கடலில் இழந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. இறந்துபோன அக்காவின் மகள் மினேயைத் தானே வளர்த்துக்கொண்டிருந்தாள். கூடையை முதுகில் கட்டிக்கொண்டு வாரத்துக்கு இரண்டு தடவையாவது எங்கள் கப்பலில் வருவாள். சாப்பிட்டு முடித்ததும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நேரே மேலே வந்து சமையல்பெட்டி வாசலில் நிற்பாள்.

"ஏங்க, இன்னிக்கி சாறு வெச்சீங்களா, இல்ல வாளியக் கடல்ல விட்டு மொண்டீங்களா?"

"உப்பு கூடிப் போச்சா?"

"கூடிப் போச்சான்னு கேக்குறாரு பாரு! என் கருவாடே வெக்கப்பட்டுக் கூடைக்குள்ள ஒளிஞ்சுக்கிச்சு."

"அப்புறம் ஏன் கிண்ணத்த நக்கின மாதிரி கொண்டாந்திருக்கீங்க?"

"காசு குடுத்திருக்கேன்ல!"

இதுதான் அவர்களுடைய பேச்சு. மூன்று வருஷமாக இதேதான். அவள் வராத நாட்களில் குமாஜி என்னிடம் வந்து, "கருவாட்டம்மா ஏறலையா?" என்று கேட்டுவிட்டுப் போவார். கென்பாச்சி அதைக் கேட்டுவிட்டால் கரித்தூள் பறக்கச் சிரிப்பான். "அண்ணே, அந்தம்மா திட்டலேன்னா உங்களுக்குச் சோறு எறங்காது போல!"

தைஷோ மன்னரின் நான்காம் வருஷம், செர்ரிப் பூ உதிர்கிற சமயம், மினேக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை கஜிதா தீவில் உப்பளம் வைத்திருக்கும் தொமாரி வீட்டுப் பையன் யசாக்கு. நல்ல நாள் பார்த்திருந்தார்கள். அன்று சூரியன் மறைவதற்குள் சடங்கு முடிய வேண்டும். அன்றைக்குக் காலையில் ஒகினு எட்டுப் பத்து உறவுக்காரர்களோடும், இரண்டு மரப்பெட்டிகளோடும், சம்பந்தி வீட்டுக்குச் சீராக ஒரு மூட்டை பசையரிசியும் ஒரு பை சிவப்புப் பயறும் எடுத்துக்கொண்டு கப்பலேறினாள். மணப்பெண் வெள்ளை உடுப்பு, வெள்ளை முக்காடு. கீழ்த்தளப் பாயில் அவளைச் சுற்றி யாரும் கால் நீட்டவில்லை.

பாதி வழியில் மூடுபனி இறங்கியது. வசந்தத்தில் அந்தக் கடலில் அது சகஜம். கன்பாரா வேகத்தைக் குறைத்து, ஊதல் ஊதிக்கொண்டே ஓட்டினார். குறைக்க அங்கே பெரிய வேகம் ஒன்றும் இல்லை என்பது வேறு. வற்று நீரின் இழுப்பு எங்களை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனதைப் பனியில் யாரும் கவனிக்கவில்லை. மெத்தையில் உட்கார்ந்தது போல மெதுவாக ஒரு அமுக்கம். அப்புறம் கப்பல் நகரவில்லை.

"என்னய்யா ஆச்சு?" என்று கீழிருந்து குரல்கள்.

கன்பாரா மீசையைத் தடவிக்கொண்டார். "மணல்ல ஏறிட்டோம். ஒண்ணும் சேதமில்ல. தண்ணி வத்தி மறுபடி ஏர்ற வரைக்கும் இங்கதான்."

பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார்கள். சுழலியிலிருந்து சேறு வந்ததே தவிர கப்பல் அசையவில்லை. நீர் வற்ற வற்ற அது மெல்ல ஒரு பக்கம் சாய ஆரம்பித்தது. சமையல்பெட்டிக்குள் பானைகள் குமாஜியின் மேலேயே உருண்டன. சாய்ந்த கப்பலில் கொதிகலனை எரியவிட்டால் ஆபத்து. நெருப்பை வெளியே இழுத்துப் போட வேண்டும் என்று கன்பாரா சொல்லிவிட்டார்.

பனி விலகியபோது நாங்கள் கண்ட காட்சி இன்னும் எனக்கு மறக்கவில்லை. கடலுக்கு நடுவில், எங்களைச் சுற்றி, பளபளவென்று ஒரு மணல்திட்டு முளைத்துக்கொண்டிருந்தது. தூரத்தில் கஜிதா தீவு தெரிந்தது. நடுவே வற்று நீர் ஆறுபோல் ஓடியது. ஆழமான கால்வாய் வழியாக வெள்ளைப் புகைப்போக்கிக் கப்பல் போனது. அதன் தளத்தில் எல்லோரும் புதுத் துண்டுகளை ஆட்டி எங்களுக்குக் கை காட்டினார்கள். "ஆமை முட்டை போட வந்திருக்கா?" என்று ஒருவன் கத்தினான். ஆழமில்லாததால் அவர்களால் எங்கள் பக்கம் வர முடியாது. வந்து உதவும் எண்ணமும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒகினு தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் தடவையாக அவள் வாயில் ஒரு சொல்லும் வரவில்லை.

அப்போதுதான் படகுகள் வந்தன. மணப்பெண்ணை எதிர்கொள்ள மாப்பிள்ளை வீட்டார் கொடி கட்டிய மூன்று படகுகளில் ஏற்கெனவே கடலில் காத்திருந்திருக்கிறார்கள். கப்பல் சாய்ந்து கிடப்பதைக் கண்டதும் நீரோட்டத்தோடு பறந்து வந்துவிட்டார்கள். முதல் படகில் தொமாரி பெரியவர், யசாக்குவின் அப்பா. உப்பு வெயிலில் வெந்த முகம், அகன்ற மார்பு. மணலில் குதித்ததும் முதல் வேலையாகக் கன்பாராவைப் பார்த்து உறுமினார்.

"என் மருமகளக் கொண்டு வரச் சொன்னா மணல்ல நட்டு வெச்சிருக்கீங்களா?"

"மன்னிக்கணும், பெரியவரே."

"சரி, சரி. பொண்ணு ஏறட்டும். படகுல கூட்டிட்டுப் போறோம்."

படகோட்டிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வந்த வழி நீரோட்டத்தோடு வந்த வழி. ஆளும் பெட்டியும் ஏற்றிக்கொண்டு அதே ஓட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போட எந்தத் தோளாலும் ஆகாது. நீர் திரும்புவதற்குள் நல்ல நேரம் போய்விடும். இதைப் பெரியவரிடம் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. கடைசியில் மாப்பிள்ளையே சொன்னான். பெரியவர் மணலில் ஒரு உதை விட்டார்.

"அப்ப கல்யாணம்? என் வீட்டுக் கூடத்துல வெக்க வேண்டிய கல்யாணத்த இங்க நண்டுங்களுக்கு முன்னாடி வெக்கச் சொல்றியா?"

மேலே ஒகினுவின் முகம் வெளிறிப்போனதைக் குமாஜி பார்த்தார். அவர் மெதுவாகக் கப்பலின் ஏணியில் இறங்கினார். அவர் கால் பட்ட இடத்தில் மணல் ஒரு சாண் அமுங்கியது. குனிந்து விரலால் கிளறினார். ஒரு பெரிய கிளிஞ்சல் வந்தது, உள்ளங்கை அகலம். இன்னொரு இடத்தில் கிளறினார், இன்னொன்று. அவர் முகம் மலர்ந்துவிட்டது. பெரியவரிடம் போய்த் தலை தாழ்த்தி வணங்கினார்.

"ஐயா, இந்தத் திட்டுல கிளிஞ்சல் எடுக்கற உரிமை பக்கத்துத் தீவுக்காரங்களுக்குன்னு சிலபேர் சொல்றாங்க. எடுத்தா யாராச்சும் சண்டைக்கு வருவாங்களா?"

பெரியவர் மார்பு இன்னும் விரிந்தது. "யாரு சொன்னான்? இந்தத் திட்டு எங்க கஜிதா மண்ணு! ரெண்டு வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சு வாங்கியிருக்கேன். எங்க வீட்டு முத்தத்துல ஒரு பாகம் இது, தெரிஞ்சுக்கோ!"

குமாஜி கிளிஞ்சலைப் பற்றித்தான் கேட்டார், வேறு எண்ணம் இல்லை என்று பின்னால் சத்தியம் செய்வார். ஆனால் மேலே நின்ற ஒகினுவுக்குப் போன நாக்கு திரும்பி வந்துவிட்டது.

"சம்பந்தி!" என்று கூவினாள். "அப்ப எங்க பொண்ணு உங்க வீட்டு முத்தத்துக்கு வந்தாச்சு, அப்படித்தானே? வாசல்ல நிக்க வெச்சே பேசறீங்களே, உள்ள கூப்பிட மாட்டீங்களா?"

படகோட்டிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெரியவர் மேலே பார்த்தார், கீழே மணலைப் பார்த்தார். இல்லை என்றால் கோர்ட்டில் வென்றது போச்சு. ஆமாம் என்றால் கல்யாணம் இங்கேதான். அவருடைய உதடு கோணியது. பிறகு தொண்டைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது.

"ஏம்மா, நீ கருவாடு விக்கிறியா, வக்கீல் வேல பாக்கிறியா? எறக்குங்க பொண்ண! நண்டுங்களும் வரட்டும், பந்தியில உக்காரட்டும்!"

அதன் பிறகு குமாஜியைப் பிடிக்க முடியவில்லை. கென்பாச்சி கொதிகலனிலிருந்து இழுத்த நெருப்பைக் கடலில் கொட்டப் போனான். "டேய் டேய், நில்லு! அத இங்க எறக்குடா!" என்று குமாஜி கத்தினார். சாம்பல் வாளிகளில் தகதகவென்ற கரி மணலுக்கு இறங்கியது. குழி தோண்டி அதில் நிரப்பினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குக் கை வீசிச் சமைக்க இடம் கிடைத்தது. பயணிகள் கால்சட்டையை மடித்துக்கொண்டு, பெண்கள் கிமோனோவை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, மணல் முழுக்கப் பரவிக் கிளிஞ்சல் தோண்டினார்கள். குழல் மாதிரி நீண்ட சிப்பிகளும் இருந்தன. அவற்றின் துளையில் உப்புப் போட்டால் துள்ளி மேலே வரும். ஒவ்வொன்று துள்ளியபோதும் கூச்சல், சிரிப்பு.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு அந்த அகன்ற கிளிஞ்சலில்தான் சாறு வைப்பார்கள். ஒன்றின் ஓடு இன்னொன்றின் ஓட்டோடு எந்தக் காலத்திலும் பொருந்தாது. அதனதன் ஜோடி அதனதற்கு. அது சடங்குக்குக் கட்டாயம். ஒனோமிச்சிச் சந்தையில் தேடியிருந்தால் கூட அவ்வளவு நல்லதாகக் கிடைத்திருக்காது.

"கருவாட்டம்மா, அந்தப் பசையரிசியும் பயறும் குடுங்க. கல்யாணம்னா செஞ்சோறு வேணும்ல" என்றார் குமாஜி.

ஒகினு மூட்டையை அணைத்துக்கொண்டாள். "என் அரிசியத் தொட்டீங்க, கைய ஒடிச்சிருவேன். நீங்க வெக்கிற ஒல பொண்ணுக்கு ஒத்துக்காது. நானே அவிக்கிறேன்."

"சரி, வாங்க. அடுப்பு எவ்வளவு பெருசு பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன். உங்க வாய விடச் சின்னதுதான்."

இருவரும் ஒரே நெருப்புக்கு இரண்டு பக்கம் உட்கார்ந்தார்கள். அவள் ஆவியில் அரிசி வேகவைக்க, அவர் மீன் சுட்டார். படகில் பெரியவர் வரவேற்புக்கென்று கொண்டு வந்திருந்த ‘தாய்’ என்று எங்கள் பக்கம் சொல்லும் சிவப்பு மீன்கள், வால் வளைந்து துள்ளுகிற மாதிரி கம்பியில் கோத்து. அவர் சாற்றில் உப்புப் போடப் போனபோது அவள் கையைத் தடுத்துத் தானே போட்டாள். அவர் ருசி பார்த்தார். இன்னொரு கரண்டி குடித்தார்.

சாய்ந்த தளத்திலிருந்து வெள்ளை உடுப்போடு மணப்பெண் ஏணியில் இறங்க முடியாது. சரக்கறை மூடியின் நீளப் பலகையை எடுத்து, ஒரு முனையைத் தளத்தில் வைத்து, மறுமுனையைக் குமாஜி தன் தோளில் தாங்கினார். மினே அதன்மேல் சின்னச் சின்ன அடி வைத்து நடந்து வந்தாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். முனைக்கு வந்ததும் யசாக்கு கையை நீட்டினான். அவள் முக்காட்டுக்குள் சிரிப்பது கீழிருந்தவர்களுக்கு மட்டும் தெரிந்தது.

பாய்களை விரித்து, கப்பலின் பாய்த்துணியைக் காற்றுக்கு மறைப்பாகக் கட்டி, மணமக்கள் மூன்று கிண்ணங்களில் மூன்று தடவை சாக்கே என்ற அரிசி மதுவை மாற்றி மாற்றிக் குடிக்கக் கல்யாணம் முடிந்தது. நல்ல நேரம் கழிய இன்னும் நிறைய நேரம் இருந்தது. அப்புறம் பந்தி. யார் பெண் வீடு, யார் மாப்பிள்ளை வீடு, யார் வெறும் பயணி என்ற வித்தியாசமே இல்லை. பல் வைத்தியரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்த ஒரு கிழவர் வலியை மறந்து நான்கு கிண்ணம் சாறு குடித்தார்.

சாக்கே ஏறியதும் பெரியவருக்கு உடம்பு சும்மா இருக்கவில்லை. "சமையக்காரரே, நீரு மல்லரா இருந்தவராமே? ஒரு பிடி பாப்போமா?" மணலில் வட்டம் கீறினார்கள். பெரியவர் தீவிலேயே பெரிய பலசாலி. ஆனால் குமாஜி அவரைப் போல ஒன்றரை மடங்கு. இருவரும் மோதினார்கள். குமாஜி ஒரு தள்ளு தள்ளியதும் பெரியவர் வட்டத்தின் ஓரத்துக்கே போய்விட்டார். விழாமலிருக்கக் குமாஜியின் இடுப்புக் கச்சையைப் பிடித்தார்.

அவ்வளவுதான். "ஐயோ, விடுங்க! ஹி ஹி! ஐயா, விடுங்க!" குமாஜி நெளிந்தார், துள்ளினார், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே மரம் மாதிரி மல்லாக்க விழுந்தார். மணல் அதிர்ந்தது. தொமாரி பெரியவர் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார். சாகும்வரை அவர் தீவில் எல்லோரிடமும் சொன்னது, கோர்ட்டில் வென்றதை இல்லை. ஒசாகா மல்லரை மண்ணைக் கவ்வ வைத்ததைத்தான்.

ஒகினு சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். குமாஜி படுத்தபடியே அவளைப் பார்த்தார். அவள் அப்படிச் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

ஏறு நீர் முதலில் எங்கள் குதிகாலை நனைத்தது. பாய்களைச் சுருட்டினோம். கிண்ணங்கள் மிதக்க ஆரம்பித்தன. ஜனங்கள் துரத்திப் பிடித்தார்கள். கென்பாச்சி மறுபடி நெருப்பு மூட்டினான். ஹயாதோரி ஒரு முனகலோடு நிமிர்ந்து நின்றது. கொடி கட்டிய படகுகளைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு, அந்தி வெளிச்சத்தில், ஊதலை விடாமல் ஊதிக்கொண்டு கஜிதாவுக்குப் போனோம். கரையில் தீவே நின்றது.

மூன்றாம் நாள் ஒகினு தனியாகத் திரும்பி வந்தாள். கூடை காலி. கீழே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மேலே வந்தாள், கொடுத்தாள், பேசாமல் திரும்பினாள். குமாஜி பதறிப்போய்ப் பெட்டிக்குள்ளிருந்து பக்கவாட்டாக வெளியே வந்தார்.

"என்ன, சாறுல ஏதாச்சும் கொறையா?"

"ஒண்ணும் கொறையில்ல. நல்லாருந்துச்சு."

"ஐயையோ. உடம்புக்கு முடியலையா?"

அவள் கடலைப் பார்த்தபடி நின்றாள். "வீட்டுக்குப் போனா பேச ஆளில்ல. அவ போயிட்டா. அத நெனச்சேன். அதான் சாறு கரிச்சுதா, சப்புன்னு இருந்துச்சான்னே தெரியல."

குமாஜி கையைத் துடைத்தார். முகத்தைத் துடைத்தார். மறுபடி கையைத் துடைத்தார்.

"நான் துறைக்கு மேல ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கேன். அங்கயும் பேச ஆளில்ல. தினம் நீங்க திட்டறதக் கேட்டுட்டு இருந்தா நல்லாருக்கும்."

"இப்பத் திட்டறது போதாதா?"

"வாரத்துக்கு ரெண்டு நாள்தானே ஏறுறீங்க."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்த அறைக்குள்ள நீங்க போனப்புறம் எனக்கு எடம் இருக்குமா?"

"நான் ஒடுங்கிப்பேன்" என்றார் குமாஜி.

கரி வாளியோடு கீழ்ப்படியில் நின்ற கென்பாச்சி இதைக் கேட்டுவிட்டு இயந்திர அறைக்கு ஓடினான். அடுத்த கணம் காரணமே இல்லாமல் எங்கள் கப்பலின் ஊதல் நீளமாக அலறியது. கன்பாரா மேலே இருந்து, "யார்றா அது?" என்று கத்தினார். காரணம் தெரிந்ததும் அவரே இன்னொரு தடவை ஊதினார்.

மணல்திட்டுக் கல்யாணம் தீவு தீவாகப் பரவியது. வேண்டுமென்றே எங்கள் கப்பலில் பெண் அனுப்புகிறவர்கள் வந்தார்கள், "எங்களையும் மணல்ல ஏத்துவீங்களா?" என்று கேட்டவர்களும் உண்டு. வெள்ளைப் புகைப்போக்கிக்காரர்கள் துண்டோடு தேநீர்க் கோப்பையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஜனங்கள் கோப்பையை வாங்கிக்கொண்டு, அடுத்த நடைக்கு எங்களிடம் வந்து அதில் சாறு கேட்டார்கள்.

ஒகினு கருவாட்டுக் கூடையை விடவில்லை. குமாஜியைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகும் சீட்டு வாங்கித்தான் ஏறுவாள். "அம்மா, நீங்க நம்ம ஆளு, சீட்டெதுக்கு?" என்றேன் ஒரு தடவை. "சும்மா ஏறினா எப்படிய்யா கொற சொல்றது?" என்றாள்.

பல வருஷம் கழித்து நான் கோபேவுக்கு மாற்றலாகிப் போனேன். இந்த வசந்தத்தில் அவர்களைப் பார்க்கப் போயிருந்தேன். குமாஜிக்குத் தலை முழுக்க நரை. யசாக்குவும் மினேயும் அனுப்பிய தாய் மீன் ஒன்று வந்திருந்தது. அதைச் சுடுவதா, குழம்பு வைப்பதா என்று புருஷனும் பெண்டாட்டியும் காலையிலிருந்து வாதாடிக்கொண்டிருந்தார்கள். என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ஒகினு மீனின் தலையை வெட்டிக் குழம்புச் சட்டியில் போட்டாள். குமாஜி உடம்பை எடுத்துக் கம்பியில் கோத்தார். மத்தியானம் இரண்டையும் சாப்பிட்டேன்.